கணக்கு நோட்டைக் கொண்டு வாங்க

இந்த முறை வந்த கடிதங்களைத் திண்ணையில் பரப்பி வைத்துப் படித்தேன். கடன் எங்கே வாங்குவது, மானியம் எப்படிக் கிடைக்கும் என்றுதான் வழக்கமாக முக்கால்வாசி இருக்கும். இம்முறை கோச், மென்டர், வழிகாட்டி என்று மூன்று பெயரில் ஏறக்குறைய ஒரே ஆளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவரை நம்பலாமா, அவருக்கு என்ன கொடுப்பது, அவர் சொன்னது சரியா? மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் பேராவூரணிப் பக்கம் பதினாறு வருடம் தென்னை நார் ஆலை நடத்தியவள். இப்போது சனிக்கிழமைதோறும் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் இன்குபேஷன் சென்டரில், தொழில் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களோடு உட்கார்கிறேன்.

வாசகி, திருவையாறு: மாப்பிள்ளைச் சம்பா, பாசிப்பயறு, சுக்கு சேர்த்துக் கஞ்சி மாவு செய்து விற்கிறேன். அரைக் கிலோ 150 ரூபாய். அடக்கம் 87, லாபம் 63. மாதம் 120 பாக்கெட் போகிறது. பாதி வாட்ஸ்அப் குழுவில், பாதி தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில். ஒரு வருடமாக அதற்கு மேல் ஏறவில்லை. சென்னையில் ஒரு பிசினஸ் கோச் மூன்று மாத ஆன்லைன் பயிற்சிக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். "உங்கள் மனநிலையை மாற்றினால் விற்பனை தானாக ஏறும்" என்கிறார். நகையை அடகு வைத்துச் சேரலாமா?

நகை பெட்டியிலேயே இருக்கட்டும், தங்கச்சி. அந்தக் கோச் நல்லவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் உங்கள் 63 ரூபாயைப் பார்த்துவிடுவோம்.

அடக்கத்தை நீங்களே பிரித்து எழுதியிருந்தீர்கள். அரிசி, பயறு, சுக்கு 62 ரூபாய். வறுக்க, அரைக்க 14. பையும் லேபிளும் 11. கூட்டினால் 87, சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் நீங்கள் இல்லை. இருபது பாக்கெட்டுக்குக் கழுவி, உலர்த்தி, வறுத்து, சலித்து, அடைக்க ஐந்து மணி நேரம் ஆகிறது என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள். எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கூலி என்று போட்டால் ஐந்து மணி நேரத்துக்கு 250. பாக்கெட்டுக்குப் பன்னிரண்டரை ரூபாய். கடைக்காரர் 25 சதவீதம் எடுத்துக்கொள்கிறார், அது முப்பத்தேழரை. வண்டு விழுந்து திரும்பி வருவது, ருசி பார்க்கக் கொடுப்பது, பஸ் செலவு எல்லாம் சேர்த்து 5 ரூபாய் என்று குறைத்தே போடுகிறேன். கடை வழியாகப் போகும் பாக்கெட்டில் உங்கள் கையில் நிற்பது 8 ரூபாய்.

வாட்ஸ்அப் குழுவில் "டெலிவரி இலவசம்" என்று போடுகிறீர்கள். கூரியருக்கு 45 ரூபாய் ஆகிறது என்கிறீர்கள். அங்கே கடைக்காரர் பங்கு இல்லை; ஆனாலும் கூலியும் இதரச் செலவும் கூரியரும் போனால் மிச்சம் ஐம்பது காசு. 60 பாக்கெட்டுக்கு 8 ரூபாய் வீதம் 480, இன்னொரு 60 பாக்கெட்டுக்கு ஐம்பது காசு வீதம் 30. ஆக, மாதம் 510 ரூபாய். அந்த வருமானத்திலிருந்து 45,000 ரூபாயை மீட்க ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். விற்பனை இரண்டு மடங்கானாலும் உங்கள் உழைப்பு இரண்டு மடங்காகும், கையில் நிற்பது ஆயிரத்துச் சொச்சம்.

இதைப் படித்து மனம் உடையாதீர்கள். ஒரு வருடம் மாதாமாதம் 120 பாக்கெட் போயிருக்கிறது என்றால் யாரோ அதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். சரக்கு நல்லது, விலைதான் தவறு. கூரியர் செலவைத் தனியாக வாங்குங்கள், அல்லது ஒரே கூரியரில் இரண்டு கிலோவாகத்தான் அனுப்புவேன் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவது முறை வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களில் பத்து பேருக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் யார் குடிக்கிறார்கள், எந்த நேரத்தில், தீர்ந்ததும் ஏன் உடனே வாங்கவில்லை? அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பத்துப் போனுக்குப் பிறகு, எந்த உதவிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

உதவி என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் ஆட்கள் வேறு வேறு. கோச் என்பவர் கேள்வி கேட்டு, பதிலை உங்களையே தேட வைப்பவர். ஆலோசகர் காசு வாங்கிக்கொண்டு ஒரு வேலையை முடித்துத் தருபவர்: லேபிள், திட்ட அறிக்கை, வரிக் கணக்கு. வழிகாட்டி அதே சேற்றில் இறங்கி ஏறியவர். கோச்சுகளில் மிக நல்லவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதல் சந்திப்பிலேயே உங்கள் கொள்முதல் பில்லைக் கேட்பார்கள். பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் மனநிலையைப் பற்றி மட்டும் பேசுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

மாவில் வண்டு விழுவது ஈரப்பதத்தாலும் பையின் தரத்தாலும். அதற்கான பதில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகப் பிறந்தது. பிறகு ஐ.ஐ.எஃப்.பி.டி. என்ற பெயரிலும் இருந்து, 2021-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. உணவுப் பரிசோதனைக் கூடமும் சிறு உற்பத்தியாளர்களுக்கான பயிற்சியும் அங்கே உண்டு. கட்டணம் இருக்கும், ஆனால் அந்தக் கட்டணத்துக்குக் கையில் ஓர் அறிக்கை வரும். மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சிறு உணவு நிறுவனங்களுக்கென்று 2020-ல் தொடங்கிய பிரதமரின் திட்டத்தில் கடனோடு சேர்ந்து, திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வகுத்தார்கள். விண்ணப்பம் எழுத உதவ மாவட்டந்தோறும் வள நபர்களையும் வைத்தார்கள், அவர்களுக்கான ஊதியம் திட்டத்திலிருந்தே போகும். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 510 ரூபாய் நிற்கும் தொழிலுக்கு இயந்திரக் கடன் வாங்காதீர்கள். விலையைச் சரிசெய்து மூன்று மாதம் ஓட்டிய பிறகு போங்கள்.

வாசகர், மன்னார்குடி: விவசாயிகள் அறுவடை இயந்திரம் புக் செய்ய ஒரு ஆப் உருவாக்கியிருக்கிறேன், எட்டு மாத வேலை. பெரிய நிறுவனங்களில் இருந்த ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசி வழிகாட்டுகிறார். இப்போது 10 சதவீதப் பங்கு கேட்கிறார். என் தொழில் இன்னும் புரொப்ரைட்டர்ஷிப்பாக, என் ஒருவன் பெயரில்தான் இருக்கிறது. கொடுக்கலாமா?

தம்பி, முதலில் சட்டம். புரொப்ரைட்டர்ஷிப்பில் கொடுக்கப் பங்கு என்று ஒன்று கிடையாது. அவரோடு லாபத்தைப் பிரிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கூட்டு வணிகம் ஆகிவிடலாம், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் வந்து உட்காரலாம். அவர் தொழிலின் பெயரில் வைக்கும் கடனுக்கு உங்கள் அப்பா உங்களுக்கு எழுதிவைத்த நிலம்வரை பதில் சொல்ல வேண்டிவரலாம். பங்கு என்ற பேச்சு, பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்த பிறகுதான்.

அடுத்தது அளவு. புதுத் தொழில்களுக்கு முதல் பணம் தரும் தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு 3 சதவீதப் பங்குதான் எடுத்துக்கொண்டார்கள். வாரம் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 10 சதவீதம் அதிகம். உண்மையாகவே கதவைத் திறந்துவிடும் வழிகாட்டி என்றால் அரை சதவீதம், மிஞ்சினால் ஒன்று. அதையும் ஒரே நாளில் கொடுக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் எதுவும் இல்லை. பிறகு இரண்டு வருடத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரட்டும். நடுவில் விலகினால் அதுவரை சேர்ந்தது மட்டும் அவருக்கு. என்ன வேலை, மாதம் எத்தனை சந்திப்பு, யாரையெல்லாம் அறிமுகம் செய்வார் என்று எழுத்தில் இருக்கட்டும். இதைக் கேட்டு அவர் கோபப்பட்டால் கோபப்படட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பங்கு அல்ல. எட்டு மாதத்தில் எத்தனை தரகரைப் பார்த்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் சேலம், ஆத்தூர் பக்கத்து வண்டிகள் வரிசையாக நம் ஊருக்குள் வரும். அவற்றை ஊர் ஊராகப் பிரித்து விடுபவர் உள்ளூர்த் தரகர். ஓட்டுநர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, டீசல் கடன், எந்த வயலுக்கு முதலில் இறங்குவது என்ற பஞ்சாயத்து எல்லாம் அவர் கையில். மழை பெய்து வயல் ஈரமாகக் கிடந்தால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அன்றைக்கு மணி வாடகை ஏறிவிடும். ஒரு நாள் தாமதமானால் நெல் சாய்ந்து முளைக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் விவசாயி போனை எடுத்து ஆப் தேடமாட்டார், தரகர் வீட்டுத் திண்ணைக்குப் போவார். அரசின் உழவன் செயலியிலும் இயந்திர வாடகைப் பகுதி இருக்கிறது. அதைத் தாண்டி உங்களிடம் ஏன் வர வேண்டும் என்பதற்குப் பதில் தரகரிடம்தான் இருக்கிறது. வடுவூர், நீடாமங்கலம், கோட்டூர் என்று போய்ப் பத்துத் தரகரைப் பாருங்கள். அவர்களுக்கு எது தலைவலி? யார் பாக்கி வைத்தார், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணி ஓடியது என்ற கணக்காக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் ஆப் விவசாயிக்கானதாக இல்லாமல் தரகருக்கான கணக்கு நோட்டாக மாறலாம். எட்டு மாதத்தில் உங்களை ஒரு முறைகூட வயலுக்குப் போகச் சொல்லாத வழிகாட்டிக்கு நான் ஒரு சதவீதமும் தரமாட்டேன்.

வாசகர், நாகப்பட்டினம்: கருவாட்டுத் தொக்கு செய்கிறேன். எனக்கு நான்கு வழிகாட்டிகள். ஒருவர் விலையைக் குறை என்கிறார், ஒருவர் ஏற்று என்கிறார்.

நால்வரில் யார் உங்கள் அடுப்படியைப் பார்த்திருக்கிறார்? அவரை மட்டும் இந்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூவரிடம் அவரவர் துறையில் ஒரு கேள்வி வந்தால் மட்டும் போங்கள். விலையை யாரிடமும் கேட்க வேண்டாம். வேளாங்கண்ணியில் ஒரு கடையில் பழைய விலை, நாகூரில் ஒரு கடையில் புது விலை என்று பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள்.

வாசகி, நாச்சியார்கோயில்: எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகக் குத்துவிளக்கு வார்க்கிறோம். நான் எம்.பி.ஏ. படித்துவிட்டு அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்துகிறேன். ஒரு பயிற்சித் திட்டத்தில் எனக்குக் கிடைத்த கோச், "வெளி மாநிலத்தில் சின்ன விளக்குகளை மொத்தமாக வாங்கி, நாச்சியார்கோயில் விளக்கு என்று கம்பெனிகளுக்குப் பரிசுப் பொருளாக விற்கலாம்" என்கிறார். அப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

உங்கள் அப்பா பக்கம் நிற்கிறேன், முழுதாக.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயர் உங்கள் வீட்டுக்கோ கோச்சுக்கோ சொந்தமில்லை, அந்த ஊரில் அந்த முறையில் செய்கிற எல்லாருக்கும் பொது. வேறு ஊரில் வார்த்ததை அந்தப் பெயரில் விற்றால் 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அது குற்றம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம்வரை சிறையும், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம்வரை அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. கோச்சுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றைப் பற்றித் துணிந்து யோசனை சொன்னதுதான் தவறு.

ஆனால் உங்கள் ஆதங்கமும் எனக்குப் புரிகிறது. காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, தண்டும் தாம்பாளமும் தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகி, உச்சியில் அன்னம் வைத்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த உழைப்புக்கு எடை போட்டுக் கிலோ கணக்கில் விலை சொல்லும் வழக்கம் படித்த பெண்ணுக்கு எப்படிச் சம்மதமாக இருக்கும்? நீங்கள் மாற்ற வேண்டியது அந்த இடத்தைத்தான். விளக்கின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். கிலோ விலையை விட்டு, உயரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் தனித்தனி விலை என்று போடுங்கள். வார்த்த மாதம், வார்த்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒன்று விளக்கோடு போகட்டும். புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பட்டறை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் கோயில் கட்டுகிறவர்கள், புது வீடு புகுகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்பார்கள்.

கைத்தொழில் தெரியாத ஒருவர் கைத்தொழிலுக்கு வழிகாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்பனைக்கு வழிகாட்டலாம், பட்டறைக்குள் கூடாது. அடுத்த சந்திப்பைப் பட்டறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். உருக்கி ஊற்றுகிற நாளாகப் பார்த்து அழையுங்கள். அப்பா காட்டட்டும், அவர் பார்க்கட்டும். பார்த்த பிறகு வேறு மாதிரி பேசினால் தொடருங்கள்.

வாசகி, திருவாரூர்: எனக்கு இருபத்து நாலு வயது. என் வழிகாட்டி இரவு பத்து மணிக்கு மேல்தான் போன் செய்கிறார். தொழிலைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சொன்னால் உதவி நின்றுவிடுமோ?

உங்களுக்குச் சங்கடம் என்றால் அது போதும், வேறு காரணம் தேட வேண்டாம். "மாலை ஆறு மணிக்கு முன்னால் பேசலாம் சார்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். நல்லவர் அன்றே மாறிவிடுவார். மாறாவிட்டால், உங்களை அவரிடம் அனுப்பிய அமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி வேறு ஆளைக் கேளுங்கள், செய்திகளை அழிக்காமல் வையுங்கள். நிற்கிற உதவி நிற்கட்டும். உங்களுக்கு இருபத்து நாலு வயது, வேறு உதவி வரும். அதுவரை எந்தக் கேள்வியானாலும் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

வாசகர், பட்டுக்கோட்டை: செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் தயாரிக்கிறேன். ஒரு சூப்பர் மார்க்கெட் நான்கு மாதமாக 1,86,000 ரூபாய் பாக்கி. என் மென்டர் "உறவைக் கெடுத்துக்கொள்ளாதே, பொறுமையாக இரு" என்கிறார். கொப்பரை வாங்கக் கையில் பணம் இல்லை.

உங்கள் பொறுமைக்கு வட்டி கட்டுவது நீங்கள்தான். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம், குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண் இருக்கிறதா? சரக்கு கொடுப்பதற்கு முன்பே அது இருந்திருந்தால் வாதத்துக்கு இடமில்லை. இல்லையென்றால் இன்றே பதிவு செய்யுங்கள். அரசு இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. எண்ணை உங்கள் பில்லின் தலைப்பில் அச்சிடுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும்வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அவருடைய கணக்கருக்கு இது தெரியும்.

முதலில் மரியாதையாக ஒரு கடிதம்: பில் எண்கள், தேதிகள், தொகை, சட்டப்படியான கெடு. அதற்கும் அசையாவிட்டால் இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாக முறையிடலாம், நமக்குத் திருச்சியில் இருக்கிறது. அதுவரை அந்தக் கடைக்குப் புதுச் சரக்கு அனுப்பாதீர்கள். உங்கள் மென்டரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் வாழ்க்கையில் யாரிடமாவது நான்கு மாதம் பாக்கி நின்றிருக்கிறதா, அன்றைக்கு வீட்டில் என்ன செய்தார்? அந்தப் பதிலில் உங்களுக்குப் பயன் இருக்கும்.

வாசகி, ஒரத்தநாடு: எல்லாருக்கும் வழி சொல்கிறீர்கள். உங்களுக்கு வழிகாட்டி யாராவது இருந்தார்களா?

இருந்தார். அதிராம்பட்டினத்தில் கொப்பரை மண்டி வைத்திருந்த ஒரு பாய். அவரிடம் எனக்கு நார் வியாபாரம் எதுவும் கிடையாது. முதல் வருடம் லாரிக்காரருக்குக் கொடுக்க 20,000 ரூபாய் கைமாற்று கேட்டுப் போனேன். "பணம் இருக்கட்டும் தங்கச்சி, கணக்கு நோட்டைக் கொண்டு வாங்க" என்றார். கொண்டுபோனேன். என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. மட்டை வாங்கியதும் நார் விற்றதும் இருந்தது, மின்சாரம் ஒரே ஒரு மாதம்தான் எழுதியிருந்தது. பணம் கொடுத்தார், மாதத்தின் முதல் சனிக்கிழமை நோட்டோடு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கைமாற்றை எட்டு மாதத்தில் அடைத்தேன். சனிக்கிழமை போவது மட்டும் நிற்கவில்லை. இஞ்சி டீ வரும், படிப்பேன், அவர் இரண்டு மூன்று கேள்வி கேட்பார். "இப்படிச் செய்" என்று சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

2015 வாக்கில் நார்த்தூளைக் கழுவி உப்பைக் குறைத்து ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி ஏற்றுமதிக்காரருக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். வருமானம் நன்றாக இருந்தது. அப்போது இரண்டு மூன்று சனிக்கிழமை ஒரே கேள்வியைக் கேட்டார்: "மட்டை எல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதானே வருது?" ஆமாம் பாய், பக்கத்திலேயே கிடைக்கிறது, லாரி வாடகை மிச்சம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தபோது ஆலையின் தகரக் கூரை பக்கத்து வயலில் கிடந்தது. தோப்புகள் சீப்பால் வாரியது போல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அடுத்த சில வாரம் மட்டை கொட்டிக் கிடந்தது, சும்மா எடுத்துப் போங்கள் என்றார்கள். நான் கடன் வாங்கி லாரி வைத்துச் சேர்த்தேன். அதுதான் என் பெரிய பிழை. மாசி பிறந்தபோது மட்டை நின்றுவிட்டது. புதிதாக வைத்த நெட்டைத் தென்னை பாளை விட ஆறேழு வருடம் ஆகும் என்பது தென்னைக்கு நடுவில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். கணக்கில்தான் அதை எழுதவில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து மட்டை இறக்கிப் பார்த்தேன், வாடகை கட்டுப்படியாகவில்லை. 2019 ஆடியில் ஆலையை மூடினேன். பதினோரு பேர் வேலை செய்தார்கள், அதில் ஒன்பது பேர் பெண்கள்.

பாய் மண்டிக்கும் கொப்பரை வரவில்லை. அவருக்கும் அடிதான். ஆனாலும் அந்த மாதம் முதல் சனிக்கிழமை ஆள் அனுப்பி என்னை அழைத்தார். "அன்னிக்கே கேட்டேனே" என்று ஒரு சொல் சொல்லவில்லை. புது நோட்டு ஒன்றைக் கொடுத்து, கடன்காரர்கள் பெயரை எழுதச் சொன்னார். பெரிய தொகையை மேலே எழுதப் போனேன். "வேண்டாம், கூலி பாக்கி உள்ளவங்களை முதல்ல எழுதுங்க" என்றார். கூலி தீர்ந்தது, பிறகு லாரிக்காரர், பிறகு வங்கி. கடைசித் தவணை 2022-ல். அவர் அதைப் பார்க்க இல்லை. முந்தின வருடமே போய்விட்டார். நான் சனிக்கிழமையில் உட்காருவதற்கு வேறு காரணம் கிடையாது.

வாசகர், வேதாரண்யம்: கல் உப்பைப் பாக்கெட் போட்டு விற்கிறேன். அடுத்த மாதம் முதல் முறையாக ஒரு வழிகாட்டியைச் சந்திக்கப் போகிறேன். என்ன எடுத்துப் போவது? பிரசன்டேஷன் தயார் செய்யச் சொல்கிறார் நண்பர்.

பிரசன்டேஷன் முதலீட்டாளருக்கு. வழிகாட்டிக்கு முப்பது நாள் வரவு செலவு போதும், கையால் எழுதியதானாலும் சரி. வீட்டுச் செலவும் தொழில் செலவும் கலந்திருந்தால் கலந்தபடியே கொண்டுபோங்கள், பிரிப்பதே முதல் பாடமாக இருக்கும். வங்கிப் பாஸ்புக், கொள்முதல் பில்கள், தராமல் நிற்கும் பாக்கிப் பட்டியல். வாங்கியவர்களில் மூன்று பேரின் பெயர், வாங்க மறுத்தவர்களில் மூன்று பேரின் பெயர், ஏன் மறுத்தார்கள் என்று அவர்கள் சொன்னது. ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கேள்வி கொண்டுபோனால் சுலபமான நான்கைப் பற்றியே ஒரு மணி நேரமும் போய்விடும். கிளம்பும் முன் அடுத்த சந்திப்பின் தேதியையும், அதற்குள் நீங்கள் செய்யப் போகும் ஒரு வேலையையும் இருவருமே எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் இடைவெளி சரியாக இருக்கும். தாமதமானால் சூடு ஆறிவிடும்.

உங்கள் கல் உப்புப் பாக்கெட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். கடையிலிருந்து திரும்பி வந்தது ஒன்று இருந்தால் அதையும், பிரிக்காமல்.